பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பிளாட் வாங்கலாமா? மழைக்கால நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுக்குடித்தனம்:
வணக்கம். நாங்கள் சென்னை அசோக் நகரில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு கிண்டியில் வேலை, மனைவிக்கு சோழிங்கநல்லூரில். பெரும்பாக்கத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் ஒரு மூன்றாம் மாடி பிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். சிஎம்டிஏ அப்ரூவல் இருக்கிறது, ரெரா எண் இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார். விற்பவர் "2015 வெள்ளத்துலயே இங்க தண்ணி ஏறல சார்" என்கிறார். மாமனார் மட்டும் "அது கழுவெளி, பள்ளிக்கரணைச் சதுப்பு, வேண்டாம்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பழைய ஆட்களின் பயமா, இல்லை உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா? பதிவுப் பணம் இன்னும் கட்டவில்லை.

மடிப்பாக்கத்தான்:
மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வராது, அது சரி. லிப்ட் மோட்டார், ஜெனரேட்டர், இபி மீட்டர் போர்டு, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இதெல்லாம் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று முதலில் போய்ப் பாருங்கள். மிக்ஜாம் புயலின்போது (2023 டிசம்பர்) எங்கள் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வராதவர்களும்தான் தவித்தார்கள். சம்ப் மூடி தண்ணீருக்குள் போய்விட்டால் கதை முடிந்தது. சாக்கடையும் மழைநீரும் கலந்து உள்ளே இறங்கிவிடும். வடிந்த பிறகு சம்ப்பை இறைத்து, சேற்றை வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மறுபடி லாரித் தண்ணீர் வாங்கி நிரப்ப வேண்டும். அந்த வாரம் எந்த லாரிக்காரரும் போனை எடுக்கமாட்டார்.

கார் இருந்தால் இன்னொரு வேலை. ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் இடம் பிடிக்க ஓட வேண்டும். 2024 அக்டோபரில் டிவியில் பார்த்திருப்பீர்கள், பாலத்தின் ஓரம் முழுக்க வரிசையாகக் கார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்கு அது இன்ஷூரன்ஸ்.

மட்டக்கோல்:
ஏரி, கால்வாய் வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் மாமனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணைக்கு வரும் தண்ணீர் பள்ளிக்கரணையில் பெய்தது மட்டும் இல்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், வேளச்சேரி, ஆதம்பாக்கம் என்று ஒன்றின் கலங்கல் (நிறைந்து வழியும் வாய்) தண்ணீர் இன்னொன்றில் விழுவதாக ஏரிச் சங்கிலிகள். தெற்கே ஒட்டியம்பாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் தனி வரிசை. நீர்ப்பிடிப்பு மொத்தம் சுமார் 250 சதுர கிலோமீட்டர். அத்தனையும் வந்து சேர்வது சதுப்பில். சதுப்பிலிருந்து வெளியேறும் முக்கிய வழி ஒன்றே ஒன்று, ஒக்கியம் மடுவு. மடுவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அதில் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போய் முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடல். இத்தனைக்கும் மடுவுக்கு நேர் கிழக்கே கடல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. குறுக்கே ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இருக்கிற மணல் மேடு.

இப்போது கணக்கு. 250 ச.கி.மீ.யில் 40 செ.மீ. மழை பெய்தால் அது 10 கோடி கன மீட்டர். நம் கணக்கில் சுமார் மூன்றரை டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டிஎம்சிதான். அதாவது கிட்டத்தட்ட ஒரு செம்பரம்பாக்கம் நிறையத் தண்ணீர் சதுப்பை நோக்கி வருகிறது. எல்லாம் ஓடி வராது, ஒரு பகுதி நிலம் குடிக்கும் என்பார்கள். கான்கிரீட் எதைக் குடிக்கும்? இரண்டு நாளில் வடிய வேண்டுமானால் விநாடிக்கு 20,000 கன அடிக்கு மேல் வெளியே போக வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் அதிகபட்சமாகத் திறந்தது 29,000 கன அடி, அதற்கே அடையாறு என்ன பாடு படுத்தியது என்று தெரியும். மடுவும் கால்வாயும் அடையாறு இல்லை. பந்தி முடிந்ததும் மண்டபத்து ஜனம் மொத்தமும் ஒற்றைக் கதவு வழியே வெளியேறுகிற கதைதான். போதாததற்குப் புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நிற்கும். முகத்துவாரத்தில் தண்ணீர் போவதற்குப் பதில் எதிர்த்து நிற்கும்.

மிக்ஜாமில் நகரின் பல இடங்களில் இரண்டு நாள் மழை 40 செ.மீ.ஐத் தாண்டியது. ஆகவே இது காகிதக் கணக்கு இல்லை.

கட்டுமானக்காரன்:
மட்டக்கோல் சார் கணக்கை மதிக்கிறேன். ஆனால் ஊரே ஏதோ பில்டர்களால்தான் முங்குகிறது என்கிற மாதிரி பேச்சு போகும், அதற்கு முன் நானும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் எந்த இடம் ஏரி இல்லாமல் இருந்தது? தி.நகர் 1920களில் மாம்பலம் நீள ஏரியை வற்ற வைத்து உருவானது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். வீட்டு வசதி வாரியமே வேளச்சேரி, முகப்பேர், அம்பத்தூர் ஏரி நிலங்களில் ஏரித் திட்டம் என்று பெயரே வைத்து மனை பிரித்தது. சதுப்புக்குள் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இரண்டும் மத்திய அரசுடையவை. வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையம் 2007ல் எங்கே வந்தது? 200 அடி ரேடியல் ரோடு சதுப்பை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது. அதையும் நாங்களா போட்டோம்?

2011 கணக்கெடுப்பில் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். அதே ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வேலையை ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) கொடுத்துவிட்டு வீட்டை எங்கே கட்டச் சொல்கிறீர்கள்? செங்கல்பட்டிலா? நாங்கள் அப்ரூவல் வாங்கி, கட்டணம் கட்டி, வடிகாலுக்கு இடம் விட்டுத்தான் கட்டுகிறோம்.

நாமக்கோழி:
கட்டுமானக்காரன் சொன்ன பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டார், பெருங்குடி குப்பைக் கிடங்கு. 1980களில் இருந்து நகரத்தின் பாதிக் குப்பை சதுப்பில்தான் விழுந்தது. 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை அந்தப் பக்கம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது பயோமைனிங் செய்து மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நாற்பது வருஷக் குப்பையில் இறங்கி ஊறிய கறுப்புத் தண்ணீரை எந்தச் சல்லடையில் பிரிப்பது?

நான் பறவை பார்க்கப் போகிறவள். ரேடியல் ரோட்டு ஓரம் நின்று தொலைநோக்கியில் பார்த்தால் முன்னால் பூநாரை, நீலத் தாழைக்கோழி, தாமரையிலைக் கோழி. அதே வட்டத்துக்குள் பின்னால் குப்பை மேட்டில் ஏறுகிற ஜேசிபி. வண்டியிலிருந்து வாழைப்பழத்தோலை சதுப்பில் எறிந்துவிட்டு "என்ன மேடம், கொக்கா?" என்று விசாரிக்கிறவர்களும் உண்டு.

சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் என்பார்கள். 2007ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். ராம்சார் பலகை வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் சதுப்பு பறவைக்காக மட்டும் இல்லை. மழையில் வரும் வெள்ளத்தைத் தேக்கி மெதுவாக விடுவதும், கோடையில் நிலத்தடியில் நல்ல தண்ணீரை வைத்திருந்து உப்பை உள்ளே வர விடாமல் தடுப்பதும் அதன் வேலை. அந்த இடத்தை மூடிவிட்டு அதே வேலைக்கு மழைநீர் வடிகால், கடல்நீர்க் குடிநீர் ஆலை என்று இரண்டு செலவு செய்கிறோம்.

ஓஎம்ஆர்வாசி:
ஆமாம், கோடைக் கதையை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் துரைப்பாக்கம் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் அசோசியேஷன் வேலை பார்க்கிறேன். மழையில் முங்குகிற அதே இடத்தில் மார்ச் தாண்டினால் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரி உள்ளே வரும், அது வெளியேறும்போது கழிவுநீர் லாரி உள்ளே வரும். கேட்டில் செக்யூரிட்டி இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்திருக்கிறார். மெயின்டனன்ஸ் பில்லில் பாதி அந்த முதல் நோட்டுதான்.

2019 நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஐடி கம்பெனிகள் "வீட்டிலிருந்தே வேலை பாருங்கள், ஆபீஸில் தண்ணீர் இல்லை" என்றார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2015 வெள்ளத்துக்கும் அதற்கும் நடுவில் முழுசாக நான்கு வருஷம்கூட இல்லை. நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலை 2013லிருந்து ஓடுகிறது, 2024ல் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்துவிட்டது. அதனால் அந்த அளவு மோசம் திரும்ப வரவில்லை. ஆனாலும் புதுக்குடித்தனம், நீங்கள் பிளாட் பார்க்கப் போகும்போது "மெட்ரோ வாட்டர் வருதா" என்று கேட்காதீர்கள், "வரப்போகுது சார்" என்றுதான் பதில் வரும். போன மே மாதத்து லாரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

வடசென்னை_ரவுடி_இல்லை:
எல்லாம் சரி, ஆற்றங்கரை, கால்வாய்க்கரை ஆக்கிரமிப்புகளை ஒழுங்காக எடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஓட்டுக்காக விட்டு வைத்தார்கள். அதைச் சொன்னால் ஏழைக்கு எதிரி என்பார்கள்.

பெரும்பாக்கம்_ஏழாவது_மாடி:
எடுத்தார்கள் அண்ணா. எடுத்துத்தான் என்னை இங்கே கொண்டு வந்தார்கள்.

நானும் பெரும்பாக்கம்தான். ஆனால் மேலே பேசிக்கொண்டிருக்கும் பிளாட் இல்லை, அரசு கட்டிய அடுக்குக் குடியிருப்பு. கூவம் கரையில் சேத்துப்பட்டு பக்கம் இருந்தோம். அம்மா நாலு வீட்டில் வேலை, நடந்தே போய்விடுவார். தண்ணீர் போகிற வழியை மறிக்கிறீர்கள், உங்கள் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே லாரியில் சாமான் ஏற்றி இங்கே இறக்கினார்கள். இது நீங்கள் எல்லோரும் கணக்குப் போட்டீர்களே, அந்த மூன்றரை டிஎம்சி வந்து சேர்கிற இடம். மழை வந்தால் கீழே முழங்கால் தண்ணீர், மேலே கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை. தண்ணீர்க் குடத்தை ஏழு மாடி தூக்கிப் பாருங்கள்.

அம்மா கொஞ்ச நாள் இங்கிருந்து பஸ் பிடித்து சேத்துப்பட்டுக்குப் போனார். முதல் வீட்டுக்கு எட்டு மணிக்குள் போக வேண்டும். இங்கே நாலரைக்கு எழுந்தாலும் முடியவில்லை, இரண்டு வீடு போய்விட்டது, அப்புறம் எல்லாமே போய்விட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றிலும் இதே கதைதான். செம்மஞ்சேரிக்கு சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொரு பெரிய மழைக்கும் தண்ணீரில்தான் நிற்கிறார்கள். நாங்கள் இருந்த கூவம் கரையிலிருந்து பார்த்தால் எதிரே பெரிய பெரிய கட்டடங்கள் இருந்தன. அவை இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. பட்டா இருக்கிறதாம்.

வடசென்னை_ரவுடி_இல்லை:
தங்கச்சி, உங்களைச் சொல்லவில்லை. அந்தப் பெரிய கட்டடங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரும்பாக்கம்_ஏழாவது_மாடி:
சொல்லும்போது எல்லாரையும் சேர்த்துச் சொல்வீர்கள். ஜேசிபி வரும்போது அது எங்கள் தெருவுக்கு மட்டும்தான் வரும்.

மட்டக்கோல்:
அந்தப் பெண் சொல்வதில் தொழில்நுட்பமும் இருக்கிறது. கூவம், அடையாறு கரையில் குடிசை அடைக்கும் அகலத்தையும், சதுப்பில் மண் கொட்டி மேடாக்கிய ஏக்கர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தண்ணீருக்கு அதிக இடத்தை எடுத்தது என்று சொல்ல மட்டப்பலகை தேவையில்லை. ஒன்றின் பெயர் ஆக்கிரமிப்பு, மற்றதன் பெயர் வளர்ச்சி. 2015 வெள்ளத்தை ஆராய்ந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையே அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றுதான் எழுதியது.

கட்டுமானக்காரருக்கு ஒன்று. நீங்கள் அப்ரூவல் வாங்கித்தான் கட்டுகிறீர்கள், மறுக்கவில்லை. ஒவ்வொரு கட்டடமாக எடுத்தால் எல்லாம் விதிப்படி சரியாகத்தான் இருக்கும். உங்கள் மனையை நாலடி உயர்த்திக் கட்டுவீர்கள், உங்கள் கட்டடத்தில் தண்ணீர் நிற்காது. அந்த நாலடித் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும். பக்கத்து மனைக்காரர் அடுத்த வருஷம் ஐந்தடி உயர்த்துவார். மொத்தமாக எவ்வளவு இடம் தண்ணீரிடமிருந்து எடுத்தோம் என்று எந்த பைலிலும் கூட்டல் போடுகிற பத்தியே கிடையாது. என் கோபம் அதுதான்.

மழைநீர் வடிகால் பற்றியும் இதே. 2023ல் 4,000 கோடி எங்கே என்று கட்சிக்காரர்கள் சண்டை போட்டார்கள். தி.நகர் மாதிரி இடங்களில் முன்பு போல நாள்கணக்கில் தண்ணீர் நிற்பதில்லை, அந்தப் பெருமையைக் கொடுத்துவிடலாம். ஆனால் தெற்கே வடிகால் போட்டால் என்ன ஆகும்? மேட்டிலிருந்து முன்பு ஒரு நாளில் வந்த தண்ணீர் இப்போது சில மணி நேரத்தில் சதுப்புக்கு வந்துவிடும். வெளியே போகிற வழி அதே மடுவுதான்.

மடிப்பாக்கத்தான்:
நாலடி ஐந்தடி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தெருவில் இப்போது வீட்டைத் தூக்குகிறார்கள், நிஜமாகவே. அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக லாரி ஜாக்கி வைத்து, ஒருவர் விசில் ஊத எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வீடு மேலே வருகிறது. மூன்றடி, நாலடி ஏறியதும் கீழே செங்கல் கட்டி அடைக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் வட இந்தியாவிலிருந்து வருகிறார்கள். மாடியில் ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், அதுபாட்டுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை. ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, நான் வீடு கட்டியபோது தெருவை விட மூன்று படி உயரத்தில் இருந்த வாசல் இப்போது ஒரு படி கீழே. இப்போது மில்லிங் செய்துதான் போட வேண்டும் என்று விதி. ஒப்பந்தக்காரர் ஓரத்தில் மட்டும் சுரண்டிவிட்டுப் போகாமல் இருக்க, தார் போடுகிற இரவு தெருக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

புதுக்குடித்தனம்:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மட்டக்கோல் சார், இரண்டு கேள்வி. ஒன்று, அந்த ஒரு கிலோமீட்டர் தடை என்று தரகர் ஏதோ முணுமுணுத்தார், அது என்ன? இரண்டு, எந்தக் காகிதத்தைப் பார்த்தால் உண்மை தெரியும்?

கட்டுமானக்காரன்:
முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், அடிபட்டவன் என்ற முறையில். 2025ல் பசுமைத் தீர்ப்பாயம், சதுப்பின் தாக்க எல்லை எதுவரை என்று ஆய்வு செய்து வரையறுக்கும் வரை ராம்சார் தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதுக் கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், பெரும்பாக்கம் எல்லாவற்றிலும் பல பகுதிகள் அதற்குள் வருகின்றன. முப்பது வருஷமாக வீடு இருக்கிற தெருவில் மொட்டை மாடியில் மகனுக்கு ஒரு போர்ஷன் கட்ட நினைத்த ரிட்டயர்டு மனிதரும் மாட்டிக்கொண்டார். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். இவருக்கு யார்?

நாமக்கோழி:
அது நியாயமான கேள்விதான். ஆனால் ஆய்வைத் தாமதப்படுத்தியது அந்த ரிட்டயர்டு மனிதரும் இல்லை, பறவையும் இல்லை. தலம் 2022லேயே அறிவிக்கப்பட்டது. தாக்க எல்லையை அன்றே வரையறுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் என்று கோடு போட வேண்டி வந்திருக்காது.

மட்டக்கோல்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் இதெல்லாம் வக்கீல் பார்ப்பார். அவை நிலம் யாருடையது என்று சொல்லும், தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லாது. நீங்கள் சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டில் (கிராம நிலக் கணக்கு) பழைய வகைப்பாடு என்ன என்று பாருங்கள். பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய் என்று பக்கத்தில் வந்தால் கிராம வரைபடத்தில் அந்த வாய்க்கால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். பாதியில் ஒரு கட்டடத்துக்குள் போய் மறைந்தால் அது உங்கள் கட்டடமாக இருக்கக் கூடாது. அரசு ஆவணம் சுத்தமாக இருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். சதுப்பே நீண்ட காலம் கணக்கில் தரிசு நிலம்தான்.

அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்கள் கிடைக்கும். நவம்பர், டிசம்பர் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசியாக, விற்பவரைக் கேட்காதீர்கள். அந்தத் தெருமுனை டீக்கடைக்காரரையும் இஸ்திரி போடுகிறவரையும் கேளுங்கள். 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

கட்டுமானக்காரன்:
மடுவு ஒரே வழி என்பதுதானே பிரச்சினை? பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து நேரே கடலுக்கு மூடு கால்வாய் வெட்டுகிற யோசனை வருஷக்கணக்காகப் பேச்சில் இருக்கிறதே. அது வந்தால் 15 கிலோமீட்டர் சுற்று மிச்சம். அதைச் செய்யாமல் எங்கள் தலையில் தடை போடுவது என்ன நியாயம்?

மட்டக்கோல்:
உதவும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் அந்த வழியும் நிற்கும், கதவு போடாவிட்டால் கடல் உள்ளே வரும். மணல் வந்து வாயை அடைக்கும், ஒவ்வொரு வருஷமும் தூர் வார வேண்டும். முட்டுக்காட்டில் இன்றைக்கும் அந்தப் பாடுதானே படுகிறோம்? சதுப்பு பிடித்து வைக்கிற தண்ணீரைக் குறைத்துவிட்டு வெளியேற்றும் வழியைப் பெரிதாக்கினால், அதே தண்ணீருக்குக் கோடையில் ஓஎம்ஆர்வாசி லாரிக்காரரிடம்தான் போக வேண்டும்.

பெரும்பாக்கம்_ஏழாவது_மாடி:
அந்த மூடு கால்வாய் கடலில் சேரும் இடத்தில் குப்பம் இருக்குமே, அவர்களைக் கேட்டார்களா? பக்கிங்ஹாம் கால்வாயில் ஓடுவது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை. மழை பத்து நாள், சாக்கடை வருஷம் முழுக்க. அவர்கள் வலை போடுகிற இடத்தில்தான் வந்து விழும். அப்புறம் கால்வாய் வேலைக்கு இடைஞ்சல் என்று அவர்களையும் லாரியில் ஏற்றி எங்கள் பக்கத்து பிளாக்குக்குத்தான் அனுப்புவார்கள். இங்கே காலி வீடு இன்னும் இருக்கிறது.